திருகை முடுக்கும் முன்: தானே வாசிக்கும் பழைய பியானோ, கேள்வி-பதில்

என் டுவோ-ஆர்ட் பியானோவில் (துளையிட்ட காகித ரோல் ஓட, காற்றை உறிஞ்சித் தானே வாசிக்கும் வகை) மெல்லிய இடங்களில் சில கட்டைகள் ஒலிப்பதில்லை. எந்தத் திருகைத் திருப்புவது? (மயிலாப்பூர்)

இப்போதைக்கு எதையும் திருப்பாதீர்கள். எப்போதும் அதே கட்டைகள்தான் விடுகின்றனவா? அவற்றை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஐப்பசி மழையில் ஃபெல்ட் ஊறிக் கட்டை பிடித்துக்கொள்வது நம் ஊரில் சகஜம். அந்தக் கோளாறுக்காகத் திருகை முடுக்கினால் விட்டுப்போன கட்டை ஒலிக்கும், மென்மை போய்விடும். அந்த மென்மைக்காகத்தானே இந்தப் பியானோவை வைத்திருக்கிறோம்!

கட்டைகள் சரி என்றால், அடுத்தது காற்றுக் கசிவு. கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபை 'யு' போல வளைத்து ஸ்கேலில் கட்டி, கலர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையைப் பியானோவின் காற்று உறிஞ்சும் குழாயில் இணையுங்கள். இருபக்க நீர்மட்ட வித்தியாசம்தான் உறிஞ்சும் அழுத்தம். அது நிலையாக நிற்காமல் ஆடினால் துருத்தித் துணி, ரப்பர் குழாய், தோல் வால்வு எல்லாவற்றையும் பாருங்கள்.

அப்புறம் ஒலியின் பலத்தை மாற்றும் அக்கார்டியன் துருத்திகள். மெட்டுக்கு ஒரு செட், பக்க இசைக்கு ஒரு செட். ஒவ்வொன்றிலும் நான்கு மடிப்புகள் 1/16, 1/8, 1/4, 1/2 அங்குலம் நகர வேண்டும். இவை சேர்ந்தும் பிரிந்தும்தான் ஒலி பலத்தில் 16 படிகள் கிடைக்கின்றன. ஒன்று குறைவாக நகர்ந்தாலும் படி வரிசை குலையும். மிக மெல்லிய ஒலியைத் தீர்மானிக்கும் ஜீரோ படித் திருகு கடைசி வேலை. டெஸ்ட் ரோலை (சோதனைக்கான காகித ரோல்) ஓட்டி, எல்லாக் கட்டையும் விடாமல், ஆனால் மிக மெலிதாக ஒலிக்கும்வரை கால் சுற்றாகத் திருப்புங்கள். ஒவ்வொரு சுற்றையும் எழுதி வையுங்கள்.

என்னுடையது அமெரிக்க ஆம்பிகோ, தானே வாசிக்கும் இன்னொரு வகைப் பியானோ. 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டும் உரத்த இடங்களில் பலம் இல்லை. (அண்ணா நகர்)

டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டுமே மாற்றும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து பம்பின் உறிஞ்சல் தளரும், மோட்டாரும் சூடாகும். வோல்டேஜை 92 அளவுக்குக் குறைத்து, மோட்டார் புல்லியை 5-க்கு 6 என்ற கணக்கில் பெரிதாக்குங்கள். வேகம் பழையபடி வந்தபின் உரத்த படிகளைச் சரிபார்க்கலாம்.

ரோல் வேகம்? (பெரம்பூர்)

டெம்போ (வேக அளவு) முள் 70-இல் இருக்கும்போது நிமிடத்துக்கு 7 அடி காகிதம் ஓட வேண்டும்.

ஆர்மோனியம் ரிப்பேர் செய்பவரிடம் துருத்தியைக் கொடுக்கலாமா? (திருவல்லிக்கேணி)

தாராளமாக. கை பழகியவர்கள். ஆர்மோனியம் காற்றை ஊதும், இது உறிஞ்சும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். வெள்ளைப் பசை வேண்டாம், வஜ்ஜிரம்தான் வேண்டும் என்று கேளுங்கள். சூடும் ஈரமும் பட்டால் வஜ்ஜிரம் விட்டுக்கொடுக்கும், அடுத்த முறை பிரிக்கும்போது மரம் பிய்யாது.