அப்பாவோட யூரின் பாதை அடைப்பு கேன்சரா இருக்குமா?

அப்பாவுக்கு ஸ்ட்ரிக்சர்னு (யூரின் பாதை தழும்பால சுருங்கறது) சொல்லி அடிக்கடி டைலேஷன் (அதை விரிச்சுவிடறது) பண்றாங்க, இப்போ நடுநடுவுல ரத்தமும் வருது, கேன்சரா இருக்குமான்னு கேட்டிருக்கீங்க. பெரும்பாலும் இருக்காதுங்க. யூரின் பாதையிலேயே, அதாவது மூத்திரப்பையில இருந்து யூரின் வெளிய வர்ற குழாயிலேயே ஆரம்பிக்கிற கேன்சர் ஆம்பளைங்களுக்கு ரொம்ப அபூர்வம், கிட்னி, மூத்திரப்பை, ப்ராஸ்டேட்னு அந்தப் பக்கம் வர்ற கேன்சர் எல்லாத்தையும் சேர்த்தா நூத்துல ஒண்ணு கூட வராது. ஆனா ரத்தம்னு எழுதியிருக்கீங்களே, அதுக்காகத்தான் இவ்ளோ பெருசா பதில் எழுதறேன்.

எங்க பெரியப்பாவுக்கு வந்தது இந்த யூரின் பாதை கேன்சர்தான். வாலிபத்துல சைக்கிள் பார் மேல விழுந்து அடிபட்டு ஸ்ட்ரிக்சர் ஆனவரு, அடைச்சா ஒரு கிளினிக்ல போய் விரிச்சுவிட்டுட்டு வருவாரு, வருஷக்கணக்கா அப்படித்தான் ஓடுச்சு. அப்புறம் விரிச்சுவிட்ட கொஞ்ச நாள்லயே மறுபடி அடைக்க ஆரம்பிச்சுது. யூரின் போகாதப்பவும் சொட்டு சொட்டா ரத்தம், மனுஷன் வெக்கப்பட்டு யார்கிட்டயும் சொல்லல, பெரியம்மா லுங்கி துவைக்கும்போது கறையைப் பாத்துட்டு கேட்டதுலதான் வெளிய வந்துச்சு. விதைப்பைக்குப் பின்னாடி கல்லு மாதிரி ஒரு கட்டி வேற. சீழ்க்கட்டின்னு சொல்லி கீறி விட்டாங்க, ஆன்டிபயாட்டிக் குடுத்தாங்க, புண்ணு ஆறவே இல்ல. பிஎஸ்ஏ நார்மல்னு வேற சொல்லி அனுப்பிட்டாங்க, பிஎஸ்ஏ ப்ராஸ்டேட்டுக்குப் பாக்கற ரத்த டெஸ்ட், இதை அது காட்டாது.

அப்புறம் பாத்த யூராலஜிஸ்ட் முதல்ல கை வெச்சுப் பாத்ததே தொடை இடுக்குலதான், நெறி கட்டியிருக்கான்னு. முன்பக்கப் பாதையில, அதாவது ஆணுறுப்புப் பக்கம் வர்ற கேன்சர் முதல்ல அங்கதான் பரவுமாம், உள்பக்கம்னா இடுப்புக்குள்ள இருக்கற நெறிக்குப் போகும். உடனே ஸ்கோப் (கேமரா வெச்ச குழாய்) விட்டு சந்தேகமான இடத்துல சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினாரு, எவ்ளோ ஆழம் இறங்கியிருக்குன்னு பாக்க எம்ஆர்ஐ, நெஞ்சுக்கும் வயித்துக்கும் சிடி. ரிசல்ட் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, தட்டையான செல்லுங்கள்ல ஆரம்பிக்கற ஒரு வகை கேன்சர். பழைய ஸ்ட்ரிக்சர், ரொம்ப நாள் புண்ணு, எச்பிவி வைரஸ் இதெல்லாம் இருக்கறவங்களுக்கு இந்த வகை வர வாய்ப்பு கூடுதல்னு அவர்தான் விளக்கினாரு.

ட்ரீட்மென்ட் எல்லாருக்கும் ஒண்ணு கிடையாது, எந்த இடம், எவ்ளோ ஆழம், எந்த வகைங்கறதைப் பொறுத்தது. நுனிப் பக்கம் சின்னதா இருந்தா அந்தப் பகுதியை மட்டும் எடுத்துட்டு உறுப்பைக் காப்பாத்த முடியும், கேன்சர்னாலே ஆணுறுப்பே போயிடும்னு பயப்படாதீங்க. ப்ராஸ்டேட் பக்கம் மேலோட்டமா இருந்தா சுரண்டி எடுத்துட்டு எதிர்ப்பு சக்தியைத் தூண்டற பிசிஜி மருந்து விடுவாங்க. உள்ள ஆழமா போயிருந்தா சிஸ்பிளாட்டின் கீமோ குடுத்துட்டு மூத்திரப்பை, ப்ராஸ்டேட்டோட சேர்த்து எடுக்கற பெரிய ஆபரேஷன் வரும். பெரியப்பாவுக்கு ஸ்குவாமஸ்ங்கறதால டியூமர் போர்டுல (பல துறை டாக்டர்ங்க சேர்ந்து பேசற கூட்டம்) பேசி ரேடியேஷனோட மைட்டோமைசின், ஃபைவ் எஃப்யூ கீமோ குடுத்தாங்க. அதுக்கு முன்னாடியே அடிவயித்துல ஓட்டை போட்டு டியூப் வெச்சுட்டாங்க, யூரின் அதுல போயிடும். ரேடியேஷன் கடைசி வாரங்கள்ல தொடை இடுக்குத் தோல் வெந்து உரிஞ்சு, உக்காரவும் முடியாம படுக்கவும் முடியாம அவரு பட்ட பாடு கண்கொண்டு பாக்க முடியல. இப்போ தோட்டத்துக்குப் போயிட்டு வர்றாரு, ஸ்கோப்பும் ஸ்கேனும் விடாம பாக்கறோம்.

உங்க அப்பாவுக்கு அடுத்த டைலேஷனுக்கு முன்னாடி யூராலஜிஸ்ட்கிட்ட நேரா கேளுங்க, "ஸ்கோப் விட்டு பயாப்ஸி எடுக்கலாமா சார்"னு. யூரின்ல கேன்சர் செல் இல்லன்னு ரிப்போர்ட் வந்தாலும் அதோட விட்டுடாதீங்க, பயாப்ஸிதான் முடிவு. கேன்சர்னு வந்துட்டா அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், வேலூர் சிஎம்சி, ஜிப்மர் மாதிரி யூராலஜி, கீமோ, ரேடியேஷன் டாக்டர்ங்க சேர்ந்து முடிவெடுக்கற இடமா போங்க. போகும்போது ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, பயாப்ஸி பண்ண லேப்ல ஸ்லைடும் (சதையைச் சீவி வெச்ச கண்ணாடித் துண்டு) பிளாக்கும் (சதையை மெழுகுல பதிச்ச கட்டி) கேட்டு வாங்கிட்டுப் போங்க, அங்க திரும்பப் பாப்பாங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா அதையும் எடுத்துக்கங்க.