கைப்பிடி இல்லாத பெஞ்சு

வணக்கம். திருநெல்வேலியிலிருந்து அப்பா, அம்மாவை ஒயிட்ஃபீல்டில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு அழைத்துவந்து எட்டு மாதமாகிறது. அப்பாவுக்கு வயது 74. ஒரு வேலையும் வைக்கவில்லை, பால் முதல் கீரை வரை ஆப்பில் வந்துவிடும். முதியோர் வாட்ஸப் குழுவில் சேர்த்தேன், யோகாவுக்குப் பணம் கட்டினேன். பதினோராவது மாடியை விட்டு இறங்குவதில்லை. ‘நான் இங்கே விருந்தாளி’ என்கிறார். கன்னடம் கற்றுக்கொடுத்தால் ஒட்டிக்கொள்வாரா?
க., பெங்களூரு

அன்புள்ள க.,

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று சில நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் சாக்காகிவிட்டது. கன்னடம் நல்லதுதான், கற்கட்டும். வாட்ஸப் குழுவை விடுங்கள். கீரை வாங்கும் பையையும் அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டு, ஏன் இறங்கவில்லை என்று கேட்கிறீர்களே!

லிஃப்டுக்கும் கேட்டுக்கும் நடுவே அவர் உட்கார இடம் இருக்கிறதா? கிளப் ஹவுஸுக்குப் பின்னால் ‘சீனியர் சிட்டிசன் கார்னர்’ இருக்கிறது என்பீர்கள். ஆள் நடமாட்டமே இல்லாத மூலை, அதற்குப் பெயர்ப்பலகை வேறு. ஸ்கூல் பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்துப் போடுங்கள் பெஞ்சை. போகிறவர் வருகிறவரோடு இரண்டு வார்த்தை பேசி, யார் எந்த வீடு என்று பிடிபட்ட பிறகு யோகாவுக்குத் தானே போவார்.

பெஞ்சு என்றால் எதுவும் ஆகாது. பல இடங்களில் அடியில் செங்கல் வைத்து அடைத்து, மேலே கிரானைட் பலகையைப் பதித்துவிடுகிறார்கள். முழங்கால் தேய்ந்தவர் எழும்போது கவனியுங்கள்: பாதத்தைப் பின்னுக்கு இழுத்து இருக்கைக்கு அடியில் வைத்து, முன்னால் சாய்ந்து, கையை ஊன்றித்தான் எழுகிறார். அடைத்த பெஞ்சில் பாதம் பின்னால் போகாது. கைப்பிடி இல்லாவிட்டால் ஊன்றவும் வழியில்லை. யாராவது தோளைப் பிடித்து ஒருமுறை தூக்கிவிட்டால் போதும், அந்தக் கூச்சத்திலேயே மறுநாள் வரமாட்டார்.

இருக்கை தரையிலிருந்து 45 செ.மீ. உயரம். கைப்பிடி அதற்கு மேல் சுமார் 20 செ.மீ., முன் விளிம்பு வரை நீண்டிருக்கட்டும். சாய்மானம் கட்டாயம். இரண்டு பெஞ்சை ஒரே வரிசையில் போடாமல் ‘ட’ மாதிரி போடச் சொல்லுங்கள். காது மந்தமானவர் பேசுகிறவர் வாயைப் பார்த்துத்தான் பாதியைப் பிடிக்கிறார். பக்கத்தில் வீல்சேருக்கு 90 செ.மீ. விடுங்கள். மேற்கு வெயிலில் காய்ந்த கிரானைட்டில் சாயங்காலம் நாலு மணிக்கு யாரும் உட்கார முடியாது. புங்க மர நிழலும் மரப்பலகையும் உத்தமம். வாடகை வீடு என்றால் அசோசியேஷனில் உங்கள் பேச்சு எடுபடாது, ஓனரை விட்டு மெயில் போடச் சொல்லுங்கள்.

கீழ்த்தள டாய்லெட் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர், ப்ராஸ்டேட் தொல்லை உள்ளவர், பதினோரு மாடி ஏறும்வரை அடக்க முடியுமா? இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ‘மனசு சரியில்லை’ என்பார்கள்.

கடிதத்தில் அம்மா ஒரே இடத்தில் வருகிறார், அதுவும் அப்பாவோடு ஒட்டிக்கொண்டு. அவருக்கு எங்காவது போகவேண்டும் என்று இருக்காதா? 2023 ஜூனிலிருந்து கர்நாடக அரசின் சக்தி திட்டத்தில் பெண்களுக்குச் சாதாரண பிஎம்டிசி (பெங்களூரு மாநகர) பஸ் இலவசம். ஆனால் கர்நாடக முகவரியுள்ள அட்டையைக் காட்டவேண்டும். திருநெல்வேலி ஆதாருக்கு டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். உங்கள் ஆதாரில் பெங்களூரு முகவரி இருந்தால், குடும்பத் தலைவர் என்ற முறையில் அவருடையதை ஆன்லைனிலேயே மாற்றலாம். உங்களுக்கு வரும் கோரிக்கைக்கு 30 நாளுக்குள் ஒப்புதல் தராவிட்டால் அது ரத்தாகிவிடும். ஊர் ரேஷன் கார்டை நினைத்து அம்மா தயங்கலாம். அவரைக் கேட்காமல் மாற்றிவிடாதீர்கள்.