சிங்கமீன்: கதிர் எண்ணிக்கையும் மரபணுவும் முரண்படும்போது

கேள்வி: மன்னார் வளைகுடாவில் பிடிபட்ட சிங்கமீன் ஒன்றின் துடுப்புக் கதிர்களை எண்ணியபோது அது டெரோயிஸ் வோலிடன்ஸ் என்ற இனமாகத் தோன்றியது. ஒரு குறிப்பிட்ட மரபணுத் துண்டின் வரிசையைக் கொண்டு இனத்தை அறியும் பட்டைக்குறிச் சோதனையோ (DNA barcoding) டெரோயிஸ் மைல்ஸ் என்கிறது. ஆய்வேட்டில் எந்தப் பெயரை எழுதுவது? – கடல் உயிரியல் முதுகலை மாணவி

பதில்: சோதனை முடிவைச் சந்தேகிக்கும் முன் எண்ணிக்கையை மீண்டும் சரிபாருங்கள். நீண்ட காலம் ஒரே இனமாகக் கருதப்பட்ட இவ்விரண்டையும் 1986-இல் மீனியல் ஆய்வாளர் ஷுல்ட்ஸ் பிரித்துக் காட்டினார். வோலிடன்ஸுக்கு முதுகுத் துடுப்பில் 11, குதத் துடுப்பில் 7 மென்கதிர்களும் (முள்ளாக இறுகாமல் வளையும் கதிர்கள்), மைல்ஸுக்கு முறையே 10, 6 மென்கதிர்களும் பெரும்பாலும் காணப்படும். வேறுபாடு ஒரே ஒரு கதிர்தான். அடியில் இணைந்து இரண்டாகப் பிரிந்து நிற்கும் கடைசிக் கதிரை ஒன்றாக எண்ணாமல் இரண்டாக எண்ணிவிட்டால் இனமே மாறிவிடும். இயலுமானால் எக்ஸ்ரே படம் எடுத்து எண்ணுங்கள். இறந்த மீனின் முட்களிலும் நஞ்சு எஞ்சியிருக்கும் என்பதால் கவனமாகக் கையாளுங்கள்.

சரியாக எண்ணிய பிறகும் 11, 7 என்றே வந்தால் வியப்படைய வேண்டாம். இரு இனங்களின் எண்ணிக்கை வரம்புகளும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. எனவே தனியொரு மீனை இந்த அடையாளத்தால் மட்டும் தீர்மானிக்க முடியாது.

மரபணுவுக்கும் எல்லை உண்டு. பட்டைக்குறிச் சோதனை படிப்பது, செல்லின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் இருந்து தாய்வழியாக மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரிய மரபணுவை. கலப்பினமாக இருந்தால் தந்தைவழி அதில் தென்படவே செய்யாது. சிங்கமீன்களில் இது வெறும் கோட்பாட்டு அச்சம் அல்ல. மைட்டோகாண்ட்ரிய மரபணுவையும், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுவையும் சேர்த்து ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, வோலிடன்ஸ் என்பதே இந்தியப் பெருங்கடலின் மைல்ஸும், லூனுலேட்டா, ரசெலி என்னும் சிங்கமீன்கள் அடங்கும் பசிபிக் மரபுவழியும் கலந்து தோன்றியது என்ற முடிவுக்கு வந்தது. லூனுலேட்டாவையும் ரசெலியையும் தனித்தனி இனங்களாகப் பிரித்தது மிகையோ என்ற கேள்வியையும் எழுப்பியது. பேரின (நெருங்கிய இனங்களின் தொகுதி) அளவிலும் இதே சிக்கல்தான்: மார்புத் துடுப்புக் கதிர்கள் கிளைப்பதை வைத்துப் பிரிக்கப்பட்ட டென்ட்ரோகைரஸ் என்னும் சிங்கமீன் பேரினம், மைட்டோகாண்ட்ரிய மரபணு ஆய்வில் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள் அனைத்தும் அடங்கிய ஒற்றைக் குலமாக நிற்கவில்லை.

உங்கள் மீனைப் பொறுத்தவரை என் கணிப்பு மைல்ஸ் பக்கமே சாய்கிறது. 1828-இல் இயற்கையியலாளர் பென்னட் அந்த இனத்தை விவரித்தது இலங்கைக் கடலோரத்தில் கிடைத்த மீனைக் கொண்டு. அது உங்கள் வளைகுடாவின் மறுகரை. பழைய இந்தியப் பட்டியல்களில் வோலிடன்ஸ் என்று இருப்பதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள், ஏனெனில் அவற்றில் பல இரு பெயர்களும் பிரிக்கப்படுவதற்கு முன் எழுதப்பட்டவை. ஆனால் பிடிபட்ட இடத்தை மட்டும் வைத்துப் பெயரிடுவதும் முறையன்று. மாதிரியைப் பதப்படுத்தும் ஃபார்மலின் மரபணுவைச் சிதைக்கும் என்பதால், அதில் இடுவதற்கு முன்பே எத்தனாலில் எடுத்துவைத்த திசு இருந்தால், ஓர் உட்கரு மரபணுவையாவது வரிசைப்படுத்துங்கள். அதுவும் மைல்ஸுடன் ஒத்துப்போனால் அப்பெயரை உறுதியாக எழுதலாம். இரு மரபுவழிகளின் தடயமும் தெரிந்தால் இனப்பெயரைத் தவிர்த்து, வோலிடன்ஸ்–மைல்ஸ் கூட்டம் என்று குறிப்பிட்டு, கதிர் எண்ணிக்கை, மரபணு வரிசை, பாதுகாக்கப்பட்ட மாதிரியின் எண் ஆகிய மூன்றையும் அருகிலேயே தாருங்கள்.