செயற்கை மழை ஆய்வுக்கு வேலை கிடைக்குமா?

வணக்கம் ஐயா. பி.டெக். வேளாண் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், எம்.டெக்.கில் 'ரெயின்ஃபால் சிமுலேட்டர்' (ஆய்வகத்தில் மழைபோல நீர் பொழியவிடும் கருவி) வைத்து, மழையில் மண்ணோடு கன உலோகங்கள் எப்படி அடித்துப் போகின்றன என்று ஆய்வு செய்யப்போவதாகச் சொன்னதிலிருந்து தூக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். "தண்ணீர் தெளித்து மண்ணைக் கழுவிப் பார்ப்பதெல்லாம் படிப்பா?" என்றும் கேட்டிருந்தீர்கள். பார்வைக்கு அது குளியலறை ஷவர் மாதிரிதான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிவிட்டால் இரண்டு வருடப் படிப்பில் ஒரு வருடம் வீண். அதனால் சரிவான தட்டில் மண்ணை நிரப்பி, மணிக்கு 60 மி.மீ. என்பதுபோல அளவு வைத்துப் பொழியவிடுகிறார்கள். சிக்கல் துளியில் இருக்கிறது. 5 மி.மீ. மழைத்துளி நொடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில் விழும். அந்த அடியில்தான் மண் சிதறும். குறைந்த உயரத்திலிருந்து சொட்டவிட்டால் அவ்வளவு வேகம் வராது; நாசிலில் (தெளிப்பு முனையில்) அழுத்தம் கொடுக்க வேண்டும். துளியின் அளவு தெரிய, மாவுத் தட்டைக் கொஞ்ச நேரம் மழையில் காட்டி, துளி விழுந்து உருண்ட மாவைக் காயவைத்துச் சலிப்பார்கள். லாஸ், பார்சன்ஸ் என்ற அமெரிக்கர்கள் 1943-லேயே பயன்படுத்திய முறை. நம் வீட்டுச் சல்லடை வேலைதான்!

உங்கள் மகள் ஈயம், குரோமியம், பாதரசம் போன்ற கன உலோகம் பக்கம் போவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஈயம் பெரும்பாலும் களிமண் துகளில் ஒட்டிக்கொண்டு ஓடும். மண்ணரிப்பைத் தடுத்தால் அதையும் ஓரளவு தடுக்கலாம். ஆனால் ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு வடிவம்) கரைந்தே போய்விடும். வண்டலைத் தேக்கினாலும் தெளிந்த நீரோடு தாண்டிவிடும். ராணிப்பேட்டை குரோமேட் ஆலைக் கழிவுக் குவியலும், 2001-ல் மூடிய கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரச மண்ணும் நம் கண்ணெதிரே உள்ள பாடங்கள். மழையில் எது, எதோடு சேர்ந்து இறங்கும் என்று சொல்ல ஆள் வேண்டாமா?

சரி, வேலைக்கு வருவோம். 'சிமுலேட்டர் நிபுணர்' என்று யாரும் விளம்பரம் கொடுக்க மாட்டார்கள். டிஎன்பிஎஸ்சி வழியாக வேளாண் பொறியியல் துறை உதவிப் பொறியாளர் ஆவதுதான் குறிக்கோள் என்றால் பி.டெக். போதும், இந்த ஆய்வு தேவையே இல்லை. ஐசிஏஆர் (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) விஞ்ஞானி பணிக்கான ஏஆர்எஸ் தேர்வுக்கு பி.டெக். போதாது; எம்.டெக். போதுமா, முனைவர் பட்டமும் வேண்டுமா என்று அறிவிக்கையில் பார்க்க வேண்டும். டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட மண், நீர்வளப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு ஊட்டியிலேயே ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தை மட்டும் நம்பிச் சேர வேண்டாம். எந்தப் பட்டம் செல்லும் என்று அறிவிக்கையில் பார்த்துவிட்டு ஆசைப்படுவது நல்லது. தனியார் சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்களோ, மண், நீர் மாதிரிகளை எடுக்கவும் ஆய்வகத்தில் சோதிக்கவும் அறிக்கை எழுதவும் தெரியுமா என்றுதான் பார்க்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் அருமையாக மழை பெய்யவைத்தான். ஆனால் அவன் கல்லூரியில் உலோகம் அளக்கும் கருவி பழுது. மாதிரி நீர் கெடாமலிருக்க நைட்ரிக் அமிலம் சேர்த்து வைத்த பாட்டில்கள் அளக்கப்படாமலே மாதக்கணக்கில் குளிர்பெட்டியில் கிடந்தன.

அதனால் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வில் வேளாண் பொறியியல் தாளை எழுதச் சொல்லுங்கள். காரக்பூர் ஐஐடியோ வேறு கல்லூரியோ, எங்கே இடம் கிடைத்தாலும் சேருமுன் அங்குள்ள சீனியர்களிடம் மகளே இரண்டு கேள்வி கேட்கட்டும்: உலோகம் அளக்கும் ஏஏஎஸ் அல்லது ஐசிபி-எம்எஸ் கருவி இப்போது ஓடுகிறதா, அதில் மாணவர்களைக் கை வைக்க விடுகிறார்களா? பதில் வந்ததும் எழுதுங்கள் ஐயா, அப்புறம் கல்லூரியை முடிவு செய்வோம்.