பெல்ட்டை மாற்றும் முன் புல்லியைப் பாருங்கள்

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்விகள்

ஐயா, அப்பா 1981-ல் வாங்கிய மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. இந்த வருஷம் சேற்றுழவில் மட்டும் மூன்று ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. மூன்று மா நிலம் ஓட்டுவதற்குள் ஹீட் முள் சிவப்புக்குப் போகிறது. ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டார். இன்னொருவர் ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார். அப்பா போன தை மாதம் தவறிவிட்டார். வண்டியை விற்க மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், ஒரத்தநாடு

விற்க வேண்டாம் தம்பி. உங்கள் வண்டியில் இருப்பது மூன்று சிலிண்டர் எஞ்சின். இரும்புப் பிளாக், பித்தளை ரேடியேட்டர். கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. கையால் கழற்றி, கண்ணால் பார்த்து, திரும்பப் பூட்டிவிடலாம். நீங்கள் சொன்ன நோய்க்கு வைத்தியம் உண்டு.

மூன்று பெல்ட் அறுந்தது என்று எழுதினீர்கள். அறுந்த பெல்ட் எப்படி இருந்தது என்று எழுதவில்லை. எனக்கு முதலில் வேண்டியது அதுதான். குப்பையில் கிடந்தாலும் எடுத்துப் பாருங்கள். பக்கச்சுவர் இரண்டும் கண்ணாடி மாதிரி பளபளத்தால், வழுக்கி வழுக்கிச் சூடேறிச் செத்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் நூல் பிரிந்திருந்தால் புல்லிகள், அதாவது பெல்ட் ஓடும் பள்ளம் வைத்த சக்கரங்கள், ஒரே நேர்கோட்டில் இல்லை. உப்பி, கொழகொழத்துப் போயிருந்தால் முன்பக்க ஆயில் சீல் கசிகிறது. தேய்மானமே இல்லாமல் படக்கென்று அறுந்திருந்தால், மாட்டிய அன்றைக்கே ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பி ஏற்றியிருப்பார்கள். உள்ளே இருக்கும் நூல் அப்போதே விட்டிருக்கும்.

உங்கள் ஊர்ச் சேற்றில் ஓடும் வண்டி என்பதால் எனக்குப் புல்லி மேல்தான் சந்தேகம். ஃபேன் பெல்ட் புல்லிப் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து இழுப்பதில்லை. இரண்டு பக்கச் சுவரிலும் ஆப்பு மாதிரி இறுகிக்கொண்டுதான் இழுக்கும். பல வருஷச் சேறும் மணலும் அந்தச் சுவரை அரைத்துக் குழியாக்கிவிடும். அப்புறம் பெல்ட் உள்ளே இறங்கி அடியைத் தொடும். பள்ளத்தின் அடியை விரலால் துடைத்துப் பாருங்கள். துருவோ அழுக்கோ இருந்தால் நல்லது. அடி பளபளவென்று மின்னினால் புல்லி முடிந்துவிட்டது. அதில் எத்தனை புது பெல்ட் போட்டாலும் ஒரு மாதம்தான்.

பெல்ட்டைக் கழற்றிய கையோடு ஃபேனை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தாலோ, சுற்றும்போது கரகரத்தாலோ வாட்டர் பம்ப் பேரிங் போய்விட்டது. பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் தண்ணீர் சொட்டினால் உள் சீல் போயிற்று என்று அர்த்தம். எம்-சீல் வைத்து அந்தத் துளையை அடைத்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது. அந்த ஓட்டை, கசியும் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியேறட்டும் என்று வைத்தது.

புது பெல்ட் வாங்கும்போது பழையதை அளவுக்குக் கொடுக்காதீர்கள், அது நீண்டிருக்கும். அதன் முதுகில் எண் தெரிந்தால் அதைச் சொல்லுங்கள். அழிந்திருந்தால் டைனமோவைப் பாதித் தூரம் தள்ளி வைத்து, மூன்று புல்லியையும் சுற்றிச் சணல் கயிறு கட்டி அளந்து கொண்டு போங்கள். டைனமோவின் கீழ் போல்ட்டுகளையும் மேலே பட்டையில் இருக்கும் போல்ட்டையும் தளர்த்தினால் பெல்ட் கையாலேயே ஏறும். இழுத்துப் பூட்டிய பிறகு நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். அரை அங்குலம் இறங்க வேண்டும். வீணைத் தந்தி மாதிரி இறுக்கினால் அறுபடுவது பெல்ட் அல்ல, பம்ப் பேரிங். புது பெல்ட் முதல் பத்து மணி நேரத்தில் கொஞ்சம் நீளும், அதனால் ஒருமுறை திரும்ப இழுத்துவிடுங்கள்.

இனி சூட்டுக்கு வருகிறேன். அந்த ஒரே பெல்ட்தான் ஃபேனையும் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. அது வழுக்கினால் காற்றும் இல்லை, தண்ணீர் ஓட்டமும் இல்லை. பெல்ட் சரியான பிறகும் முள் ஏறினால் ரேடியேட்டரைப் பாருங்கள். மாற்றச் சொன்னவர் அதன் முகப்பைக் குனிந்து பார்த்தாரா என்று கேளுங்கள். கதிரடிக் காலத்துத் தூசியும் பதரும் தகடுகளுக்கு நடுவில் மண்ணோடு சேர்ந்து அடை மாதிரி பிடித்திருக்கும். ஃபேன் காற்றை முன்னாலிருந்து உள்ளே இழுக்கிறது. ஆகவே எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே பார்த்துத் தண்ணீர் பீய்ச்சினால்தான் குப்பை வந்த வழியே போகும். முன்னாலிருந்து அடித்தால் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் பைப்பைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், தகடு மடிந்துவிடும்.

உள் அழுக்கு வேறு கதை. போர்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி, வென்னீர்த் தவலையில் படிகிற அதே சுண்ணாம்பு குழாய்களுக்குள் படிந்திருக்கும். எஞ்சின் மிதமாகச் சூடேறியதும் நிறுத்திவிட்டு, ரேடியேட்டர் முகப்பில் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். நடுவில் எங்காவது குளிர்ந்த பட்டை தெரிந்தால் அந்தக் குழாய்கள் அடைத்திருக்கின்றன.

வண்டி ஆறியபின் ரேடியேட்டர் அடிக்குழாயையும் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் குழாயையும் திறந்து விடுங்கள். பலர் இரண்டாவதை மறந்துவிடுவார்கள். சேறு தங்குவதே அங்கேதான். ஒன்றும் வரவில்லை என்றால் கம்பியால் குத்துங்கள், காப்பிக் கசடு மாதிரி இறங்கும். பிறகு பத்து லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊற்றுங்கள். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள். ஒரு மணி நேரம் நிதானமாக ஓடவிட்டு, ஆறியதும் வடித்துவிடுங்கள். அடுத்த தண்ணீரில் ஒரு கைப்பிடி சலவை சோடா போட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு வடித்தால் மிச்சமிருக்கும் புளிப்பு போய்விடும். கடைசியில் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றுபவர்களும் உண்டு. அது சுண்ணாம்போடு பித்தளையின் ஈயப் பற்றையும் தின்றுவிடும். இதற்கும் மசியவில்லை என்றால் ரேடியேட்டர் கடையில் மேல் டேங்கைப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டுக் குத்தி அடைப்பை எடுத்து, அதாவது ராடு அடித்துத் தருவார்கள். புதிது வாங்குவது அதற்கப்புறம்தான்.

ஹோஸ் பைப்பை அமுக்கிப் பார்க்கவும் மறக்காதீர்கள். கீழ்ப் பைப் ஊறி மெத்தென்றிருந்தால், ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது பம்ப் இழுக்கும் இழுப்பில் சப்பிப் போய்த் தண்ணீரை நிறுத்திவிடும். நின்ற வண்டியில் பார்த்தால் குற்றமே தெரியாது.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடி வைக்கும் வால்வு அது. அது இல்லாத எஞ்சின் வேலை செய்ய வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும். பச்சையாக மிஞ்சும் டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் கலக்கும். அப்பா பார்த்துப் பார்த்து வைத்திருந்த பிஸ்டனும் ரிங்கும் அப்படித்தான் தேயும். புதிதை வாங்கியதும் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டுக் கொதிக்க வையுங்கள். அதன் மேல் அச்சிட்ட டிகிரியை ஒட்டித் திறக்க வேண்டும். ஸ்பிரிங் பக்கம் எஞ்சினைப் பார்த்திருக்கும்படி வையுங்கள்.

இதெல்லாம் செய்த பிறகும் மேல் டேங்கில் விடாமல் குமிழி வந்தால், அல்லது தண்ணீரில் எண்ணெய் மிதந்தால், சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. அப்போது ஓட்டாதீர்கள், எனக்கு மறுபடி எழுதுங்கள்.

நாங்கள் வாய்க்கால் தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம். நம் ஊரில் பனியா பெய்கிறது, கூலன்ட் எதற்கு?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

நம்மூரில் கூலன்ட் உறைபனிக்காக இல்லை, துருவுக்காக. பிளாக் இரும்பு, ரேடியேட்டர் பித்தளை. இரண்டும் ஒரே தண்ணீரில் கிடந்தால் இரும்பு சீக்கிரம் அரிக்கும். கூலன்டில் அரிப்பைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, கொதிநிலையையும் கொஞ்சம் உயர்த்தும். மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கூலன்ட், மிச்சம் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர். அது கிடைக்காவிட்டால் சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணீர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். 7 என்று போட்ட மூடி, சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 110 தாண்டித்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்த மூடியோடு ஓடினால் அந்தப் பத்து டிகிரி உங்களுக்கு இல்லை.

ஒன்றை மட்டும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். கொதிக்கிற வண்டியில் மூடியைத் திறக்காதீர்கள், பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். நான் வேலை பழகிய காலத்தில் வரப்போரம் ஒரு வண்டி கொதித்து நின்றது. நடவு ஆட்கள் காத்திருந்தார்கள். அவசரத்தில் நானே வாய்க்காலில் ஒரு வாளி மொண்டு ஊற்றினேன். டங்கென்று ஒரு சத்தம். சிலிண்டர் ஹெட் கீறிவிட்டது. வண்டிக்காரர் அந்தப் போகம் முழுக்க வாடகை வண்டி பிடித்து உழுதார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எங்களிடம் பழைய மாஸி 35 மிசின் ஒன்று நிற்குது. 135-இன் தண்ணிப் பம்ப் இதுக்குப் பொருந்துமோ?
– வாசகர், கிளிநொச்சி

முதலில் சிலிண்டரை எண்ணுங்கள். 35-இல் இரண்டு வகை டீசல் எஞ்சின் வந்தது. ஆரம்ப வண்டிகளில் ஸ்டாண்டர்ட் கம்பெனியின் நான்கு சிலிண்டர். 1959 கடைசிக்குப் பிறகு வந்தவற்றில் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம். உங்களுடையது நான்கு என்றால் 135-இன் பம்பைத் தேடி அலைய வேண்டாம், பொருந்தாது. மூன்று என்றால் இரண்டும் ஒரே குடும்பம். ஆனாலும் பம்பைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். போல்ட் ஓட்டைகள், புல்லியின் உயரம், ஹோஸ் வாயின் அளவு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே வாங்குங்கள். புல்லி ஒரு நூல் தள்ளி நின்றாலும் பெல்ட் ஒரு பக்கமாகத் தின்னும். கேஸ்கெட்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.