ஹாவொர்த் தேவாலயக் கல்லறைத் தோட்டம் ஏன் ஊருக்கே ஆபத்தாக இருந்தது?

தேவாலயத்தை ஒட்டிய அதன் சொந்த நிலத்தில் ஊர்மக்களைப் புதைக்கும் இடம்தான் தேவாலயக் கல்லறைத் தோட்டம். இடம் கொஞ்சம், தலைமுறை தலைமுறையாக அதே மண்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் குன்றின் மேல் இருக்கும் சிற்றூர் ஹாவொர்த். 1840களில் அங்கே சாவு மிக அதிகம். ஊர்ப் போதகர் பாட்ரிக் பிராண்டி (சார்லட், எமிலி, ஆன் என்ற எழுத்தாளர் சகோதரிகளின் அப்பா) அரசுக்கு விண்ணப்பம் அனுப்பினார். ஆய்வுக்கு வந்த பெஞ்சமின் பாபேஜ் 1850இல் தந்த அறிக்கை இன்று படித்தாலும் நெஞ்சு கனக்கும்: இறந்தவர்களின் சராசரி வயது 25.8. நாற்பது சதவீதத்துக்கு மேல் ஆறு வயதை எட்டாத குழந்தைகள்.

கழிவுநீர் வடிகால் இல்லாதது ஒரு காரணம். இன்னொன்று, கல்லறைகளின் மேல் படுக்கவைத்த பெரிய கற்பலகைகள். எருக்குழியைப் பாறாங்கல்லால் மூடிப் பாருங்கள். காற்று புகாமல் உள்ளே மக்காது, ஊறி நாறும். செடியும் முளைக்காது. இங்கேயும் அதே கதைதான். அதனால்தான் கற்களைப் படுக்கவைக்கும் வழக்கத்தைக் கைவிடச் சொன்னார் பாபேஜ். இன்று அங்கே நிழல் தரும் மரங்கள்கூட அழகுக்காக வந்தவை அல்ல. மண்ணைச் சீராக்க 1864இல் நட்டவை.

பிராண்டி சகோதரிகளின் கல்லறையை இந்தத் தோட்டத்தில் தேடுபவர்கள் பலர். சார்லட்டும் எமிலியும் தேவாலயத்துக்குள்ளே இருக்கும் குடும்ப நிலவறையில் இருக்கிறார்கள், ஆன் மட்டும் ஸ்கார்பரோவில்.