நாளைக்கு டயாலிசிஸ் இருக்கிறதே என்று காத்திருக்கலாமா?

கேள்வி: நாங்கள் குடியாத்தம். அப்பாவுக்கு 62 வயது. வேலூரில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடக்கிறது. போன வாரம் வெயில் தாங்காமல் இரண்டு இளநீர் குடித்துவிட்டார். அன்று ராத்திரி கால் தளர்ந்து, கட்டிலை விட்டு எழவே முடியவில்லை. மறுநாள் டயாலிசிஸ் ஆனதும் சரியாகிவிட்டது. எதற்கெல்லாம் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

பதில்: அன்று ராத்திரியே ஓடியிருக்க வேண்டும், அம்மா. பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பொட்டாசியம் ஏறியிருக்கும் என்றே சந்தேகப்படுவேன். இளநீரில் அது அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு வெளியேற வழியில்லாமல் ரத்தத்திலேயே தங்கும். மிகவும் கூடினால் இதயம் நின்றே போகலாம். கால் தளர்ச்சி, மயக்கம், நாடி மெதுவாக ஓடுவது எல்லாம் அதன் அறிகுறிகள். சிலருக்கு இவை எதுவுமே தெரியாது. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே மூன்று, நான்கு நாள் இடைவெளி விழும்போதும், ஒரு முறை தவறிப்போனாலும் ஆபத்து கூடும்.

இதற்காக வேலூர் வரை வர வேண்டியதில்லை. 108-ஐ அழைத்து, பக்கத்தில் இருக்கும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நுழைந்ததும் முதல் வார்த்தையாக, "டயாலிசிஸ் பேஷன்ட், கடைசியாக இன்ன நாளில் நடந்தது" என்று சொல்லுங்கள். உடனே ஈசிஜி எடுப்பார்கள். தேவைப்பட்டால் கால்சியம் ஊசி போட்டு இதயத்தைக் காப்பாற்றிவிட்டு, டயாலிசிஸுக்கு அனுப்புவார்கள்.

படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தால்தான் தேவலை என்றால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். அதற்கும் நெஞ்சு வலிக்கும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் ஃபிஸ்டுலாவில் ரத்தம் பீறிட்டால் பலர் துண்டைச் சுற்றிச் சுற்றிக் கட்டுகிறார்கள். உள்ளே ஒழுகுவது வெளியே தெரியாது. சுத்தமான சிறு துணியை ரத்தம் வரும் இடத்தில் மட்டும் வைத்து, விரலால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். ஃபிஸ்டுலாவில் கை வைத்தால் தெரியும் அதிர்வு நின்றுபோனால் அன்றே டயாலிசிஸ் யூனிட்டுக்குச் சொல்லுங்கள். டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் உள்ளவருக்குக் குளிரும் காய்ச்சலும் வந்தால் பாராசிட்டமாலோடு விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டில் 'லோ சோடியம்' உப்பு இருந்தால் அப்பாவின் சமையலில் சேர்க்காதீர்கள். அவற்றில் பலவற்றிலும் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது பொட்டாசியம்தான்.